1840-க்குப் பிந்தியது எதுவும் கூடாது

செப்டம்பர் 3, செவ்வாய்

மாவு, உப்புக்கண்டம், காப்பிக்கொட்டை, உப்பு எடுத்து வைத்தாயிற்று. வெடிமருந்துக் கொம்பு நிறைந்திருக்கிறது. கித்தானில் ஒரு சாண் கிழிசல், மெழுகு நூலால் தைத்தேன்.

மதியம் ராய்ஸ் போன் செய்தான். "நெட்ரா, ஆபரேஷன் பண்ணின முட்டி இன்னும் வீங்கித்தான் இருக்கு. இந்த வருஷம் நான் வரல. மத்தவங்களும் ஆளுக்கொரு காரணம் சொல்றாங்க. நீயும் அடுத்த வருஷம் பாத்துக்கயேன்."

பார்க்கலாம் என்றேன். ஹார்லன் பெயரை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பன்னிரண்டு செப்டம்பர் தவறாமல் போயிருக்கிறேன். 1830-களில் பீவர் என்ற நீர்விலங்கின் தோலுக்காக இந்த மலைகளில் திரிந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்களோ அப்படியே பத்து நாள். கோவேறு கழுதைமேல் பொதி ஏற்றி, மான்தோல் உடுத்தி, கல்லில் தீ உண்டாக்கி. குழுவுக்கு ஒரே விதி: 1840-க்குப் பிறகு உலகத்தில் புதிதாக வந்தது எதுவும் மலையேறக் கூடாது. ஜிப் கூடாது, டார்ச் கூடாது, நைலான் கயிறு கூடாது. ஊரில் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மே மாதம் தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு காலண்டரில் நான் வட்டம் போட்டு வைத்திருந்தது இந்தப் பத்து நாளைத்தான்.

தனியாகவே போகிறேன்.

செப்டம்பர் 5, வியாழன்

பத்து மைல். என் கழுதைகள் கெட்டிலும் பீன்ஸும் பத்தடிக்கு ஒரு தரம் நின்று பின்னால் திரும்பிப் பார்க்கின்றன. இரண்டு கழுதைகளும் தேடுவது ஹார்லனுடைய சாம்பல் நிறப் பெண்குதிரை டோவை. டோவின் கழுத்தில் மணி. அந்த மணி முன்னால் போனால் என் கழுதைகள் கண்ணை மூடிக்கொண்டு நெருப்பிலும் நடக்கும். மணி இல்லாவிட்டால் இழுக்க வேண்டியிருக்கிறது. தோள்பட்டை விட்டுப்போய்விட்டது.

செப்டம்பர் 6, வெள்ளி

மழை. கெட்டிலைத் திட்டியதைத் தவிர நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 7, சனி

மேல் ஏரிக்கு வந்துவிட்டேன். வண்டியை விட்ட இடத்திலிருந்து இருபத்தெட்டு மைல். வழக்கமாக ஒன்பது பேர் கூடாரம் போடும் புல்வெளி. என் கித்தான் ஒரு மூலையில் யாரோ மறந்துவிட்டுப் போன துணி மாதிரி இருக்கிறது.

பிப்ரவரிக் கூட்டத்தைப் பற்றி இந்த நோட்டில் நான் எழுதவே இல்லை. ஏன்? மறந்தா போயிற்று?

ராய்ஸ் வீட்டு கராஜில் கூடியிருந்தோம். ராய்ஸ்தான் ஆரம்பித்தான். "ஹார்லன் கையில என்னமோ ஒட்டியிருக்கான். போன வருஷம் ஆத்துல குளிக்கறப்பவே பாத்தேன்."

ஹார்லன் மறைக்கவில்லை. இரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. கையில் ஒட்டியிருப்பது அளவு பார்க்கும் கருவி. அதோடு ஊசிமருந்து வைக்க ஒரு சின்னக் குளிர்ப்பை. "மான்தோலுக்குள்ள வச்சுக்கறேன். யார் கண்ணுலயும் படாது. அது இல்லாம டாக்டர் என்னை மலைக்கு விடமாட்டாரு," என்றான்.

எல்லாரும் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசியது நான்தான்.

"விதின்னா விதிதான், ஹார்லன். ஒண்ணுக்கு விட்டா எல்லாத்துக்கும் விடணும்."

அவன் என்னைப் பார்த்தான். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான். "காப்பிக்கு நன்றி, ராய்ஸ்." அவ்வளவுதான். போய்விட்டான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே கராஜில் என்னைச் சேர்ப்பதா என்று பேசினார்கள். தோல் வேட்டைக் குழுவில் பெண் இருந்ததாக எந்தக் குறிப்பில் இருக்கிறது என்று கேட்டார்கள். அன்றைக்கு எழுந்து நின்றவன் ஹார்லன். "இவளைவிட நல்லா பொதி கட்டறவன் இங்க இருந்தா எந்திரிங்க. கட்டுங்க. நாளைக்குக் காலைல அது எந்தப் பள்ளத்துல கிடக்குதுன்னு போய்ப் பாப்போம்." ஒரு மணி நேரம் பேசினான். யாரும் எழுந்திருக்கவில்லை. நான் சேர்ந்தேன்.

அப்படிச் சேர்ந்தவள்தான் விதி பேசினேன். சேர்ந்த நாளிலிருந்து குழுவிலேயே ரொம்பக் கறாரானவள் நான். அடுத்தவன் சட்டையில் ஒரு மெஷின் தையல் இருந்தால் முதலில் என் கண்ணில்தான் படும். எதற்கு இத்தனை கறார்? என்றைக்காவது என் பக்கம் விரல் திரும்பும் என்ற பயம். வேறென்ன.

செப்டம்பர் 9, திங்கள்

பாறையடியில் இரண்டு மீன் பிடித்தேன். வெயில் சாய்ந்தபோது ஏரிக்கு அந்தப் பக்கம் எல்க் மான்கள் இறங்கின. முப்பதுக்கு மேல் இருக்கும். "அங்க பாரு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.

அந்தக் காலத்தில் யாரும் தனியாகப் போனதில்லை. இரண்டு பேர், நான்கு பேர் என்றுதான் போனார்கள். தனியாகப் போனவன் திரும்பி வந்து கதை சொன்னதாக அதிகம் படித்ததில்லை. ஆக, நான் இங்கே உட்கார்ந்து செய்வது எந்த வருஷத்து வாழ்க்கை?

செப்டம்பர் 10, செவ்வாய்

கழுதைகள் இல்லை.

விடிந்து பார்த்தால் இரண்டும் இல்லை. முன்னங்கால் தளை பச்சைத் தோல். ராத்திரி பெய்த மழையில் நனைந்து நெகிழ்ந்துவிட்டது. ஒரு தளை புல்லில் கிடக்கிறது. ஊர்க்கடையில் விற்கும் நைலான் தளை என்றால் பிடித்திருக்கும். குளம்புத் தடம் நேராகக் கீழே இறங்குகிறது. எங்கே போகும் என்று கேட்கவே வேண்டாம், அடிவாரத்தில் ஹார்லன் வீட்டு டோவிடம்தான்.

துப்பாக்கியையும் மற்ற பொதியையும் கித்தானில் சுற்றி மரத்தில் உயரக் கட்டிவிட்டேன். கம்பளி, உப்புக்கண்டம், தீக்கல், இந்த நோட்டு. கிளம்புகிறேன்.

செப்டம்பர் 11, புதன்

இரண்டாவது ஓடையில் வழுக்கிவிட்டது. இடது கணுக்கால். பாறைக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டி முறுக்கிக்கொண்டது. அதற்கு மேலும் ஒரு மைல் குச்சி ஊன்றி வந்தேன். இனி முடியாது. பாறைச் சரிவுக்கு அடியில் ஒதுங்கியிருக்கிறேன். தீ மூட்ட வச்சிருந்த பஞ்சு நனைஞ்சுபோச்சு. கல்லத் தட்டித் தட்டி விரல்தான் கிழிஞ்சுது, ஒரு பொறி பிடிக்கல. பனி விழ ஆரம்பிச்சாச்சு.

யாருக்கும் தெரியாது நான் இங்க இருக்கேன்னு. ராய்ஸ்கிட்ட "பாக்கலாம்"னு சொன்னேன். அவன் நான் வீட்ல இருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருப்பான். வேற யார்கிட்டயும் சொல்லல. சொல்ல யாரு இருந்தா?

குளுருது. கை எழுத வரல.

செப்டம்பர் 12, வியாழன்

வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

மதியம் இருக்கும். முதலில் மணிச் சத்தம் கேட்டது. குளிரில் காது ஏதோ செய்கிறது என்று நினைத்தேன். பிறகு மரங்களுக்கு நடுவில் டோவின் சாம்பல் நெற்றி தெரிந்தது. மேலே ஹார்லன். பின்னால் கெட்டிலும் பீன்ஸும் கயிறு கட்டாமலே, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக வந்தன.

இறங்கி வந்து காலைப் பார்த்தான். "விரல அசை."

அசைத்தேன்.

"கத்தலையே. அப்போ பாதிதான் உடைஞ்சிருக்கு."

பையிலிருந்து காஸ் அடுப்பை எடுத்து லைட்டரால் பற்றவைத்தான். இரண்டு நிமிஷத்தில் தகரக் குவளையில் சூப். என் கையில் கொடுத்துவிட்டு, "பாக்கெட் சூப். 1840-ல கிடையாது. வேணாம்னா சொல்லு, ஊத்திடறேன்," என்றான்.

குடித்தேன். பல் குவளையில் அடித்துக்கொண்டது.

"உன் கழுதைங்க நேத்து சாயங்காலம் என் வேலியோரம் வந்து நின்னுச்சு. ஒண்ணு கால்ல தளையோட. உன் வண்டி அடிவாரத்துல நிக்குது. மத்தது தெரிஞ்சுபோச்சு."

"ஹார்லன், பிப்ரவரியில நான்..."

"சூப்பக் குடி."

என்னை டோவின்மேல் ஏற்றிவிட்டு அவன் முன்னால் நடந்தான். மூன்று மைல் இறங்கியிருப்போம். அவன் இடுப்பிலிருந்து போன் கூவியது. நின்று எடுத்து, சர்க்கரை அளவைப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது. ஒரு பாறைமேல் உட்கார்ந்து, பிள்ளைகள் குடிக்கும் அட்டைப்பெட்டி ஜூஸ் ஒன்றை எடுத்தான். உறிஞ்சுகுழலைக் குத்தக் கை நிற்கவில்லை. நான் மேலிருந்தபடி வாங்கிக் குத்திக் கொடுத்தேன். கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. பனி விழுகிற நாளில்.

கையில் ஒட்டியிருந்த அந்தச் சாமான் சொல்லியிருக்காவிட்டால் நடந்துகொண்டே விழுந்திருப்பான். போன வருஷம் எங்களோடு பத்து நாள், இதையெல்லாம் நாங்கள் பார்க்காமல் எந்த மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான்?

எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு, திரும்பாமலே சொன்னான்: "பன்னெண்டு வருஷம் முன்னாடி உனக்காக ஒரு மணி நேரம் பேசினேன். தொண்டை கட்டிப்போச்சு. உனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல, நெட்ரா."

வெகுதூரம் போன பிறகு "தப்புதான்" என்றேன். மணிச் சத்தத்தில் அவன் காதில் விழுந்ததோ என்னவோ.

செப்டம்பர் 14, சனி

எலும்பில் கீறல். ஆறு வாரம் மாவுக்கட்டு. கழுதைகள் ஹார்லன் வீட்டிலேயே இருக்கின்றன. "டோவை விட்டு வரமாட்டேங்குதுங்க. கால் சரியாகற வரைக்கும் இங்கயே கிடக்கட்டும்," என்று ஒரு செய்தி அனுப்பினான். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் என் பொதிகள். பொதிச் சேணம், கித்தான், துப்பாக்கி எல்லாம் இருக்கின்றன. மேல் ஏரிவரை மறுபடி போய் எடுத்து வந்திருக்கிறான். கதவைத் தட்டவில்லை. நான் வீட்டில்தான் இருந்தேன். ரேடியோகூடப் பாடிக்கொண்டிருந்தது.

நவம்பர் 17, ஞாயிறு

கட்டுப் பிரித்த பிறகு முதல் தடவையாக ஹார்லன் வீட்டுக்கு வைக்கோல் கொண்டுபோனேன். பீன்ஸ் என் சட்டைப்பையை முகர்ந்துவிட்டு டோவிடம் போய்விட்டது. அடுக்களை ஜன்னலில் விளக்கு. உள்ளே அவன் நடமாடுவது தெரிந்தது. வைக்கோலை எவ்வளவு மெதுவாக இறக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக இறக்கினேன். வெளியே வரவில்லை.

டிசம்பர் 25, புதன்

வைக்கோல் போட்டுவிட்டு வந்தேன். அவன் வண்டி இல்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பான்.

ஜனவரி 18, சனி

குளிர்காலக் கூட்டம். எழுந்து நின்றேன். உயிர் வாழ ஒருவருக்குத் தேவைப்படும் எதற்கும் விதி பொருந்தாது என்று மாற்றச் சொன்னேன். மலையில் நடந்ததைச் சொன்னேன், நெகிழ்ந்த தளை, நனைந்த பஞ்சு, ஜூஸ் டப்பா எல்லாம். நான் பிப்ரவரியில் பேசியது தப்பு என்றும், ஏன் அப்படிப் பேசினேன் என்றும் சொன்னேன்.

ராய்ஸ் கெட்டவனில்லை. "உன் மனசு புரியுது, நெட்ரா. ஆனா இதுல ஆரம்பிச்சா அப்புறம் நாம சும்மா கேம்ப் போற கூட்டம்தானே?" என்றான்.

கை தூக்கினார்கள். வேண்டாம் ஐந்து, வேண்டும் மூன்று.

"அப்போ நானும் சும்மா கேம்ப் போற ஆளாவே இருந்துக்கறேன்," என்று சொல்லி என் குவளையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வண்டி கிளம்ப நேரமாயிற்று. இஞ்சின் உறைந்திருந்தது. யாரும் வெளியே வந்து பார்க்கவில்லை.

ஜனவரி 30, வியாழன்

இன்றும் எங்கும் போகவில்லை.

மார்ச் 22, சனி

ஹார்லன் போன் செய்தான். "குளம்பு சீவணும். கெட்டில் என்னை உதைக்கறான். உன் கழுதை, நீயே வந்து பிடி."

போனேன். நான் தலைக்கயிற்றைப் பிடிக்க, அவன் குனிந்து குளம்பைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு சீவினான். இரண்டு கால் முடிந்தது.

"ராய்ஸ் வீட்ல பேசினியாமே."

"ஆமா."

"தோத்துட்டியாமே."

"ஆமா."

"எத்தன?"

"அஞ்சுக்கு மூணு."

குளம்பைப் பார்த்தபடியே சிரித்தான். தோள் குலுங்கியதில்தான் சிரிக்கிறான் என்று தெரிந்தது. "உனக்குப் பேசத் தெரியாது, கிழவி. என்னைக் கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பேன். முதல்ல யாரையாவது திட்டணும்."

"உன்னைத் திட்டியிருக்கலாம்."

"அதான் போன தடவை செஞ்சியே," என்றான்.

அது வலித்தது. ஆனால் சொன்னவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். அடுத்த காலைத் தூக்கச் சொன்னான். தூக்கினேன்.

ஜூன் 27, வெள்ளி

கீழ் ஏரி. ஹார்லனோடு இரண்டாவது நாள். கொசு.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஹார்லன் படுத்துவிட்டான். அவன் கொண்டுவந்திருக்கும் டென்ட் மஞ்சள் நிறம். சாதாரண மஞ்சள் இல்லை, ரோடு போடும் ஆட்கள் சட்டை நிறம். இவ்வளவு அசிங்கமான ஒன்றை இந்தக் கரையில் நான் பார்த்ததில்லை.

சுள்ளி பொறுக்க ஏரியைச் சுற்றிக்கொண்டு போனேன். எதிர்க்கரையிலிருந்து திரும்பிப் பார்த்தால் அந்த டென்ட் தெரிந்தது. மேட்டில் ஏறிப் பார்த்தால் தெரிந்தது. மரங்களுக்குள்ளே போன பிறகும் இடுக்கு வழியாக ஒரு துண்டு மஞ்சள் தெரிந்துகொண்டே இருந்தது.

கை நிறையச் சுள்ளி சேர்ந்த பிறகும் இன்னும் கொஞ்ச தூரம் போய், அங்கிருந்தும் அது தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.