மூடை மேட்டில் நின்ற பஸ்

அன்பு மகள் சுமலதாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், மஸ்கட்டில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். போனில் இதுவரை நான் சொன்ன சுகத்தில் பாதி பொய், இன்று எழுதுவது முழுக்க நிஜம். அப்பா பக்கத்தில் இருக்கும்போது போனில் இதைச் சொல்ல முடியாது.

பக்கவாதம் வந்து வீடு திரும்பிய அப்பாவை மாதம் ஒரு முறை கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள் அல்லவா, நீ கேட்கும்போதெல்லாம் போய் வந்தோம் என்றேன். உண்மையில் முதல் மாதம் மட்டும்தான் போனோம். நம் ஊர் கூக்காலில் இருந்து காலையில் ஒரே பஸ், அதன் படி உயரத்துக்கு அவருடைய வலது கால் எழவில்லை. பூண்டு மூடை ஏற்றிக்கொண்டிருந்த மூக்கையாவும் இன்னொருவரும் உதவிக்கு ஓடி வந்தார்கள். நல்ல மனசுதான், ஆனால் கைப்பழக்கம் விடுமா, மூடையைப் பிடிக்கிற மாதிரியே அக்குளிலும் தொடையிலும் பிடித்து, ஏலே, சிந்தாம தூக்குலே என்று மூக்கையா குரல் கொடுத்துவிட்டார். பஸ்சில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றுக்குப் போக வழியில் இறங்க வேண்டி வருமே என்று அன்று முழுவதும் அப்பா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதன்பின் தேதி வந்தால், சோலி கெடக்கு, அடுத்த மாசம் பாப்பம் என்பார். என்ன சோலி, ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்ப்பதுதான். இரண்டு மாதத்தில் விரல்கள் இறுகின, குதிகால் தரையில் படவில்லை, கட்டிலோடு தங்கிவிடுவாரோ என்று பயந்தேன். சொன்னால் வேலையை விட்டு வந்துவிடுவாய் என்று மறைத்தேன்.

போன வாரம் பூண்டு கொடுக்க வந்த மூக்கையா உள்ளே வரத் தயங்கி வாசலில் நின்றார். அப்பாதான் பேச்சை எடுத்தார். என்னைய மூடையாக்கிட்ட, சரி, மூடைய மேட்டுல வச்சுத்தானேலே ஏத்துவீக என்றார். மூக்கையா தலையைச் சொறிந்தார், எனக்குச் சட்டென்று உறைத்தது. ரோட்டோரம் வண்டியை ஒட்டி நிறுத்தி மூடையை உருட்டிவிடுகிற அந்த மண்மேடு பஸ் படிக்குச் சரியான உயரம். கண்டக்டர் யோகராஜிடம் கேட்டேன். அங்க ஸ்டாப் இல்லையேக்கா என்று இழுத்தவர், சரிங்க, வெள்ளனே வந்து நில்லுங்க என்றார். செவ்வாய்க்கிழமை பஸ் மேட்டை ஒட்டி நின்றது. அப்பா கம்பியைப் பிடித்து ஒரே எட்டில் உள்ளே போனார், யாரும் அவரைத் தொடவில்லை. என்ன மாமா, டிக்கெட்டா லக்கேஜா என்றார் யோகராஜ். பாதி டிக்கெட்டு, பாதி லக்கேஜு, ஒரு பக்கம் இன்னும் சரியா வரலைல்ல என்றார் அப்பா. வழியில் பூம்பாறையில் டீ கேட்டு வாங்கிக் குடித்தார்.

பயிற்சி தரும் இசபெல்லா, ஏன் வரவில்லை என்று கோபிக்கவில்லை, பஸ்சில் எப்படி ஏறினீர்கள் என்றுதான் கேட்டார். விரல் முழுதாக விரியாமல் போகலாம், மாதம் தவறாமல் வந்தால் நடை வந்துவிடும் என்றார். திரும்பும்போது மேடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆகிவிடுவதால், பஸ் கடைசி வரை போய்த் திரும்பும்வரை உட்கார்ந்திருந்து அதே மேட்டில் இறங்கினோம். முழங்கால் வலிக்காரி கந்தம்மாளும் இப்போது அங்கேதான் வந்து நிற்கிறாள்.

நீ லீவு போட்டு வர வேண்டாம். ஒரு கையால் ஒட்டிக்கொள்ளும்படி பட்டை வைத்த ஷூ ஒரு ஜோடி அனுப்பு, அளவு எட்டு. வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு, நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூடட்டும். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி மறுபடி போகிறோம். அன்று சாயங்காலம் போன் போடு. போய் வந்தீர்களா என்று என்னிடம் கேட்காதே, அப்பாவிடமே கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
விசாலாட்சி