ஜன்னல் சீட்டு

மகனுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

நீயே ஓட்டிய விமானத்தில் உன் அம்மாவுக்குப் பெருமையாக ஜன்னல் சீட்டு வாங்கிக் கொடுத்தாய். ஏழு மணி நேரமும் கீழே கடல். முட்டி இடிக்கும் அந்த இடுக்கில், பக்கத்து இருவரும் கால் நீட்டித் தூங்கிவிட்டார்கள். தூங்குகிறவர் காலைத் தாண்டக் கூடாது என்று, தண்ணீர்கூடக் குடிக்காமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

ஒருமுறையாவது எட்டிப் பார்த்தாயா?

இப்போது திருப்பதி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். காலில் ரத்தம் உறைந்திருக்கிறதாம். "ஏம்மா எழுந்து நடக்கல?" என்று டாக்டர் கேட்டார்.

"எம் புள்ள மைக்குல வசதியா உக்காருங்கன்னு சொல்லிச்சி. உக்காந்துக்கினு இருந்தேன்."

நீ போன் செய்தால் "சுகமா வந்தேன் நைனா" என்றுதான் சொல்வாள். அதை நம்பி அடுத்த விமானத்தை ஓட்டப் போய்விடாதே.

உன் அப்பா