யாரைக் கேட்டு எழுதினான் அந்தச் சுவரில்?

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற தூரத்தில் இல்லாமல் போய்விட்ட என் அத்தானுக்கு,

மறுபடி தேர்தல் வந்திருக்கிறது. மந்தைவெளியில் ஒரு சுவர் பாக்கியில்லை. வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரை எழுதி, போன வாரமே எல்லாரும் இடம் பிடித்துவிட்டார்கள். நம் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் மட்டும்தான் வெறுமனே நிற்கிறது. அதைக் கேட்டு நேற்று உங்கள் தம்பி தங்கராசு வந்திருந்தான்.

அவன் வந்த விஷயத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? ஆனால் முழுசாகச் சொல்ல வேண்டுமென்றால் எழுபத்தொன்றாம் வருஷத் தேர்தலிலிருந்துதான் தொடங்க வேண்டும். நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு தடவைக்கு மேல் பேசிக்கொள்ளவே இல்லையே.

அன்று அடையாற்றில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினோம். நம் சுவர் முழுக்க ஒரு பெரிய நீலக் குடை. பக்கத்தில் குடைச் சின்னக்காரரின் பெயர். பெயின்ட் இன்னும் காயவில்லை. சட்டையெல்லாம் நீலமாக, தங்கராசு சிரித்துக்கொண்டு நின்றான். படிக்க வந்தவன், நம் வீட்டிலேயே தங்கி, என் கையால் ஏழெட்டு வருஷம் சாப்பிட்டவன். “மதினி, எப்படி இருக்கு?” என்று என்னைத்தான் கேட்டான்.

நீங்கள் சிரிக்கவில்லை. “யாரக் கேட்டுல எழுதுன? நான் கவர்மென்ட்டு உத்தியோகத்துல இருக்கேன். என் வீட்டுல கட்சிச் சின்னம் இருக்கப்படாதுன்னு ரூல் இருக்கு, தெரியாதா? காலையில மொத வேலையா சுண்ணாம்பு அடிச்சு அழி.”

“தலைவர் நாளைக்கு இந்த வழியா வாறாருண்ணே. ஒரே ஒரு நாள் இருக்கட்டும்.”

“ஒரு நாளும் கிடையாது.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். குழந்தை மீனா உங்கள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அனுமதி கொடுத்த மனுஷன் பேசுகிற பேச்சா அது?

மறுநாள் சுண்ணாம்பு வாங்கப் போனவன் திரும்பி வருவதற்குள் எதிர்க்கட்சிக்காரர்கள் மனு கொடுத்து, அதிகாரிகள் வந்து, சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கொஞ்ச நாளில் உங்களுக்கு மெமோ வந்தது. பிறகு விசாரணை.

வீட்டுக்காரரைக் கேட்காமல் சுவரில் எழுதுவது ஒரு குற்றம். சர்க்கார் ஊழியர் தன் சுவரில் எழுதச் சம்மதிப்பது வேறு ஒரு குற்றம். ஆக, எழுதிய தங்கராசு மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் மாட்ட வேண்டும். அது எனக்கே புரிந்தது. விசாரணைக்கு முந்தின நாள் அவனுக்குச் சோறு போட்டபடி சொன்னேன்: “நடந்ததச் சொல்லு, போதும். அண்ணன் வேலை பிழைச்சுக்கிடும்.” “சரி மதினி” என்றவன், இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னான்.

அங்கே போய் அவன் சொன்னது, “அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதினோம்.” கேட்காமல் எழுதினோம் என்று சொன்னால் அவன் வேட்பாளர் மேல் கேஸ் வரும், கட்சியில் இவன் பெயர் கெடும். அதற்காக உங்களைத் தூக்கிக் கொடுத்தான்.

அதைக்கூட நான் தாங்கியிருப்பேன். நீங்கள் அடுப்படியில் வந்து உட்கார்ந்து சொன்னீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. “தம்பி சொல்றது உண்மையான்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன்.”

“நான் வந்து சொல்லுதேன் அத்தான். நான் பக்கத்துலதான நின்னேன்?”

“விடு கோமதி. அவன் வாழ வேண்டிய பய. இதோட இந்தப் பேச்ச விட்டுரு.”

உங்களுக்கு மனைவி, பிள்ளை என்று இரண்டு பேர் இருந்தோம். நாங்களும் வாழ வேண்டியவர்கள் என்று அந்த நேரத்தில் தோன்றவே இல்லையா?

பதவி உயர்வு நின்றது. ராமநாதபுரத்துக்கு மாற்றினார்கள். மீனாவின் படிப்புக்காக நாங்கள் இங்கே, நீங்கள் அங்கே ஒரு வாடகை அறையில் ஓட்டல் சாப்பாட்டில். ஒரு நாள் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். தண்ணீர் கொடுத்தது பக்கத்து அறைக்காரர். அந்த மனிதர் முகம்கூட எனக்குத் தெரியாது. உங்களைக் கொண்டுவந்து இறக்கியபோது வாசலில் முதல் ஆளாக விழுந்து கதறியது தங்கராசுதான். அது பொய் அழுகை இல்லை. அதுதான் எனக்கு இன்று வரைக்கும் விளங்கவில்லை.

இப்போது அவன் வட்டச் செயலாளர். நேற்று நான்கைந்து பேரோடு வந்தான். பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக ஒரு ஓவியர், ஊரூர் குப்பத்துக்காரராம். தங்கராசு ஒரு தாளை நீட்டினான்.

“மதினி, ஒரு கையெழுத்துப் போடுங்க. இந்தத் தடவ எல்லாம் சட்டப்படி. அண்ணனும் இல்ல, சர்வீஸும் இல்ல. இனிமே நம்ம சுவருக்குத் தடையே கிடையாது.”

எப்படி வந்தது அந்த வார்த்தை அவன் வாயில்? நீங்கள் செத்துப்போனது அவனுக்குச் சுவரில் இடம் காலியானதாகத் தெரிந்திருக்கிறது.

“அன்னைக்கு யாரக் கேட்டு எழுதுன தங்கராசு?” என்றேன்.

அவன் கொஞ்சமும் தடுமாறவில்லை. “அண்ணனக் கேட்டுத்தான். அண்ணனே விசாரணையில ஒத்துக்கிட்டாரே.”

சத்தியமாகச் சொல்கிறேன் அத்தான், அவன் கண்ணில் கள்ளம் இல்லை. நீங்கள் சொன்ன ‘ஆமாம்’ அவனுக்கு நிஜமாகவே ஆகிவிட்டது. அவனுக்கு நடுங்காமல் தூங்க ஒரு பொய்யைக் கொடுத்தீர்கள். எனக்கு என்ன கொடுத்தீர்கள்?

நான் தெருவில் இறங்கினேன். எதிர்வீட்டு மாமி கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினேன். “இவங்க அண்ணன் அனுமதி கொடுக்கல. அழிக்கத்தான் சொன்னாரு. நான் பக்கத்துல நின்னு கேட்டேன். இவரு பொய் சொல்லி அவரு வேலையக் கெடுத்தாரு.”

ஓவியர்தான் முதலில் டப்பாவை மூடினார். “வுடுண்ணே, வேற செவுரு பாத்துக்கலாம். அந்தம்மா மனசு நொந்து போய்க் கீது.”

தங்கராசு முகம் வெளுத்துப் போனான். “அண்ணன் பேரக் கெடுக்கீங்களே மதினி” என்று மெதுவாகச் சொன்னான். பெயரைக் கெடுத்தது யார் என்று அவனிடம் கேட்கவில்லை. உங்களிடம் கேட்கிறேன். பதில் வராது என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

மீனா இதையெல்லாம் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டாள். அப்பா ரூலை மீறினார், அதனால் தண்டனை கிடைத்தது என்றுதான் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருக்கிறாள். சித்தப்பா என்றால் அவளுக்கு உயிர். நேற்றிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு, கேட்கவும் பயந்துகொண்டு நடமாடுகிறாள்.

இந்தக் கடிதத்தை முடித்ததும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லப் போகிறேன். தம்பி செய்ததையும் சொல்வேன், நீங்கள் எனக்குச் செய்ததையும் சொல்வேன். பேச்சை விட்டுவிடச் சொன்னீர்கள். உங்கள் வார்த்தையை இதுவரை தட்டியதில்லை. இந்த ஒன்றைத் தட்டுகிறேன். நம் மகள் உங்களைக் குற்றவாளி என்று நினைத்து வளர மாட்டாள். அதற்கு நான் பொறுப்பு.

கோபம் ஆறாமலே உங்களை நினைத்துக்கொண்டிருக்கும்
உங்கள் மாமன் மகள்,
கோமதி