இருபத்து நாலா, இருபத்தெட்டா

குடவாசல்
புதன்கிழமை

அன்பு மகன் அஸாருக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அத்தா நலம், நானும் நலம். உன் தங்கை அனீஸாவையும் அந்த வரிசையில் சேர்க்கத்தான் நினைத்தேன், பேனா நிற்கிறது. உன் உடம்பையும் வேலையையும் அல்லாஹ் நல்லபடி வைத்திருக்க வேண்டும். கதிர் முற்றும் நேரத்தில் இங்கே மழை பிடித்துக்கொண்டது, உரக்கடைக்கு வருகிறவர்கள் எதுவும் வாங்குவதில்லை, சாய்ந்த பயிரைப் பற்றி அத்தாவிடம் பேசிவிட்டுப் போகிறார்கள். பக்கத்து வீட்டு ஃபாஜில் வெள்ளிக்கிழமை ஷார்ஜாவுக்குத் திரும்புகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்கிறார்கள், நீயும் பாதியிலேயே முடிவு சொல்லிவிடுகிறாய்.

அனீஸா கேமராவுக்கான லென்ஸ் விஷயம்தான். அடுத்த மாதம் வரும்போது வாங்கி வருகிறேன் என்று நீ அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். உன் எண்ணம் அந்தப் பெரிய லென்ஸ் மேல்தான் என்பதும் தெரிகிறது. "தூர நின்னு பொண்ணு மூஞ்சிய மட்டும் இழுத்து எடுத்துட்டு வந்துடலாம்மா, ஒரு வம்பும் வராது" என்றாய். அனீஸா சரி என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அது சம்மதம் இல்லை அஸார். ஷமீரா கல்யாணம் முடிந்து இன்றோடு இருபத்திரண்டு நாள், அன்றைக்குப் பீரோவில் வைத்த கேமராவை அவள் தொடவில்லை. கல்யாணப் படம் எடுக்க அவளைக் கூப்பிட்டிருந்த இரண்டு வீட்டார் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். மயிலாடுதுறையில் ஒரு வீட்டார் மட்டும் இன்னும் கேட்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இதற்கும் மாட்டேன் என்றால் அதோடு இந்த வேலையை விட்டுவிடுவாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நடந்ததை நீ ஊர்க்காரர்கள் சொல்லித்தான் கேட்டிருப்பாய், நான் சொல்வதையும் கேள். பெண்கள் பக்கத்தில் ஆண் போட்டோகிராஃபர் நுழைய முடியாது, அதனால்தான் அனீஸாவைக் கூப்பிடுகிறார்கள். நம்பிக் கூப்பிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எந்தப் படத்தையும் கொடுக்கும் முன் அவள் ஒரு தடவை, நான் ஒரு தடவை பார்ப்போம், முக்காடு விலகியவர்களோ படத்தில் வர விரும்பாதவர்களோ இருந்தால் நீக்கிவிடுவோம். "டீச்சர் பாத்துட்டாங்கல்ல, போதும்" என்பார்கள். அன்றைக்கு நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளையின் அக்கா ஷமீராவுக்குக் கருகமணி கட்டுகிறாள், சின்ன அறை, கட்டில், பீரோ, ஆளுயரக் கண்ணாடி, இருபது பெண்கள். நம் கேமராவோடு வந்த லென்ஸ் அந்த வெளிச்சத்துக்குப் போதாது, முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வரும் என்று தஞ்சாவூரிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்த, நீ சொல்கிற அதே பெரிய லென்ஸில்தான் எடுத்தாள். எண் குறைந்தால் அகலம் கூடும் என்று இருபத்து நாலில் வைத்து, சுவரோடு ஒட்டி நின்று எடுத்த அந்த ஒரு படத்தில், இடது ஓரக் கண்ணாடிக்குள், கதவுக்குப் பின்னால் நின்ற தஹ்மீனாவும் விழுந்துவிட்டாள். ஷமீராவின் சின்னம்மா. கணவர் மாரடைப்பில் போய் இரண்டு மாதம்தான் ஆகிறது, இத்தாவில் இருக்கிறவள், நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. தான் தூக்கி வளர்த்த பெண்ணைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போக யாருக்கும் தெரியாமல் பின்வாசல் வழியாக வந்திருக்கிறாள். படத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி அதை ஸ்டேட்டஸில் வைத்தாள், மதியத்துக்குள் தஹ்மீனாவின் மாமியார் வரை போய்விட்டது. "கபுர் மண்ணு காயறதுக்குள்ள கல்யாண வீட்டுல போயி பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறியே" என்று அந்த அம்மா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டதாம். ஊர் அனீஸாவைத்தான் திட்டியது. நீயும் போனில் அவளைத்தான் கண்டித்தாய். அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் படத்தைப் பார்த்துச் சரி என்று சொன்னவள் நான். அனீஸா அன்று அசதியில், "நீங்க பாத்துட்டாப் போதும்மா" என்று படுத்துவிட்டாள். நான் கம்ப்யூட்டரில் படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, வெளிச்சத்துக்காக முழுக்கத் திறந்த எஃப் 2.8-ல் ஃபோகஸ் நின்றிருக்கிறதா என்று ஷமீராவின் கண்ணிமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரை முழுக்க முகம், கண்ணாடி திரைக்கு வெளியே போய்விட்டது. திரும்பச் சுருக்கிப் பார்க்காமலே சரி என்று குறித்துவிட்டேன். அகலமாக எடுத்தால் பின்னால் இருப்பது அவ்வளவாக மங்காது என்று பள்ளிக்கூடத்தில் ஒளியியல் நடத்துகிறவளுக்குத் தெரியாதா. நேற்று வரை இதை யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று நீ கேட்காதே.

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டதும் தஹ்மீனா வீட்டுக்குப் போனேன். மாமியார் உட்காரச் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. தப்பு என்னுடையது, பிள்ளையுடையது இல்லை என்று இரண்டு பேர் காதிலும் விழும்படி சொன்னேன். அந்த அம்மா, "படிச்சவங்க, நல்லாத்தான் பாத்தீங்க" என்று உள்ளே போய்விட்டார்கள். தஹ்மீனா கதவை ஒருக்களித்துவிட்டு என் பக்கம் வந்தாள். பிறகு, "ஊரே பாத்துச்சு டீச்சர், என்கிட்டதான் யாரும் காட்டல. நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள். நீ கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தாய் என்றேன். "அதானே, என்னைய யாரு ஃபோகஸ் பண்ணப் போறா" என்று சிரித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஷமீரா என்னைய பாத்தாளா அதுல?" என்றாள். எனக்குத் தெரியவில்லை அஸார்.

வீட்டுக்கு வந்து அனீஸாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன், அவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். எல்லோரும் அழிக்கச் சொன்ன படத்தை அழிக்காமல் வைத்திருந்தாள். ஷமீரா கேமராவையும் பார்க்கவில்லை, கருகமணியையும் பார்க்கவில்லை, கதவுப் பக்கம் பார்க்கிறாள். அந்த இமைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தவள் நான், கண் எங்கே பார்க்கிறது என்று பார்க்கவில்லை. "இருபத்தெட்டா இருந்தா இவங்க இதுல வந்திருக்கவே மாட்டாங்கம்மா" என்றாள் அனீஸா. நல்லதற்குச் சொன்னாளா, வருத்தப்பட்டுச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

ஆகையால் அந்தப் பெரியது வேண்டாம். தூரத்திலிருந்து எடுத்தால் எடுக்கப்படுகிறவளுக்கே தெரியாது, தெரிந்தால்தானே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதன் எடையில் நாலு மணி நேரம் நின்று அனீஸாவுக்கு மணிக்கட்டு வேறு வீங்கியது. நீ அனுப்பியதில் சின்னவை இரண்டு இருக்கின்றன, இரண்டும் கம்மி வெளிச்சத்துக்கு ஏற்றபடி கடைசி வரை 2.8-லேயே நிற்பவை. ஒன்று 28-லிருந்து 70 வரை, இன்னொன்று 24-லிருந்து 50 வரை. நம் படுக்கையறையில் சுவரோடு நின்று பழைய லென்ஸில் இரண்டு அளவும் வைத்துப் பார்த்தேன், இருபத்தெட்டில் கட்டிலின் இரண்டு ஓரமும் வெட்டுப்படுகிறது, ஓரத்தில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஏழைச் சொந்தக்காரர்கள். ஐம்பதோடு நின்றால் முகத்துக்கு இரண்டடி கிட்டப் போக வேண்டும், போகட்டும். என் கணக்குக்கு 24-50தான் சரி. ஆனால் என் கணக்கை நம்பி வாங்காதே, சனிக்கிழமைக்குள் அனீஸாவைக் கூப்பிட்டு அவளையே கேள், அதற்கு முன் நீ அவளைக் கண்டித்ததற்கு ஒரு வார்த்தை சொல். அவள் எதுவுமே வேண்டாம் என்றாலும் வற்புறுத்தாதே.

வாங்கினால் பெட்டியில் போடாமல் கைப்பையில் கொண்டு வா. நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன்னைப் பாதுகாப்பானாக, உன் கையால் நல்லதே நடக்கட்டும். அந்தப் படத்தை ஒரு பிரதி போட்டு உறையில் வைத்திருக்கிறோம். இத்தா முடிந்ததும் தஹ்மீனா கையில் கொடுக்க வேண்டும், நானே கொண்டு போகிறேன் என்று அனீஸா சொல்லியிருக்கிறாள்.

துஆவுடன்,
உன் அம்மா
சைத்தூன் பீவி