இருபது வருசத்துக்குக் கட்டிய குவாச்சா

2.3.93, செவ்வாய்

தூறல். காலை பத்து மணிக்கும் விளக்குப் போட்டுத்தான் வாசிக்க வேண்டியிருந்தது.

அநியாயம் செய்திருக்கிறார்கள். அதை முதலில் எழுதிவிட வேண்டும். சாம்பியாவில் என் சின்ன மகள் தாரணியின் கல்லறைப் பராமரிப்புக்கு இருபது வருசக் காசை ஒரே தடவையில் முன்கூட்டியே கட்டினேன். அந்த நாட்டுக் காசில். அறுநூறு குவாச்சா. 1984 செப்டெம்பர், நாங்கள் அங்கிருந்து லண்டனுக்கு வெளிக்கிட்ட கிழமை. ரசீது என் கையில். 2004 வரை அவளுடைய இடத்தை எவரும் தொட முடியாது.

இன்று அந்த ஊர் மயானக் கந்தோரிலிருந்து கடிதம். கட்டிய காசு பெறுமதி இழந்து தீர்ந்துவிட்டதாம். இனிமேல் வெளிநாட்டவரின் கல்லறைகளுக்கு அமெரிக்க டொலர் மட்டும். வருசம் நாற்பது, ஐந்து வருசத்துக்கு ஒன்றாக. உள்ளூர்க்காரர் குவாச்சாவில் கட்டலாம். ஏப்ரல் முடிவதற்குள் வராவிட்டால் அந்த வரிசையைத் துப்புரவாக்கி வேறு ஆட்களுக்கு.

துப்புரவாக்கி. ஆங்கிலச் சொல்லை அகராதியில் இரண்டு தடவை பார்த்தேன். வேறு அர்த்தம் இல்லை.

என் மனைவி பரமு கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

“எவ்வளவு டொலர்?”

“அதில்லைக் கதை. நான் கட்டினது கட்டினதுதான்.”

“எவ்வளவு எண்டு கேட்டனான்.”

“இருநூறு.”

மறுபடி லீக்ஸ்.

கேத்தில் விசிலடித்தது. ஒரு கணம், சாம்பியாவில் நான் வேலை செய்த சுரங்கத்துச் சங்கு, இரண்டு மணி ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து சப்பாத்தைத் தேடினேன். லண்டனில், ஸ்ட்ரெதத்தில் நிற்கிறேன் என்று விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பரமு பார்த்தாள்.

பின்னேரம் மூத்தவள் வசந்தி போனில். சட்டனில் இருக்கிறாள், பாங்கில் வேலை. “அப்பா, ஒன்லி டூ ஹண்ட்ரட். நான் லஞ்ச் டைமில டிராஃப்ட் எடுத்து அனுப்பிவிடுறன்.” ‘ஒன்லி’ என்ற சொல்லை இந்த வீட்டில் தடை செய்ய வேண்டும்.

கட்டமாட்டேன். நான் கடன் வைத்துவிட்டு வந்தவன் அல்ல.

காஸ் பில். சீனி. இடது சப்பாத்து ஒழுகுகிறது.


3.3.93, புதன்

காற்று. வெயில் இரண்டு நிமிடம்.

எங்கள் வோஷிங் மெஷின் பழுது. லோண்டரெட்டுக்கு உடுப்பு கொண்டுபோனேன். டிரையருக்கு முன்னால் அந்த மர வாங்கில் இருந்தேன், சூடு முழங்காலில். வட்டக் கண்ணாடிக்குள் பரமுவின் பச்சைச் சேலை சுற்றிச் சுற்றி வந்தது. எப்போது கண் மூடினேனோ தெரியாது. சிவப்பு மண் ரோட்டில் மழைத் தண்ணீர் ஓடுகிறது. புல் என் இடுப்பளவு. அதற்குள் ஏதோ பச்சையாக எழும்பி விழுகிறது, எழும்பி விழுகிறது. நான் ரசீதை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். வாங்குவதற்கு ஆளில்லை.

“யூ ஆல்ரைட், லவ்?” கடைக்காரி தோளைத் தட்டினாள். மெஷின் எப்போதோ நின்றுவிட்டது.

தாரணி இருந்தது நான்கு மாதமும் ஒன்பது நாளும். 1976. மழைக்காலக் காய்ச்சல். எங்கள் வழக்கத்தில் சிறு பிள்ளைகளைப் புதைப்பது, அதோடு சரி. கல் வைப்பதில்லை, திவசம் இல்லை. நான் வைத்தேன். சுரங்கத்துப் பம்ப் ஃபிட்டர் நான், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சீமெந்து குழைக்கவும் யாரிடமும் படிக்கவில்லை. பலகையடித்து ஊற்றி, ஈரம் காயும் முன்னர் நான்கங்குல ஆணியால் எழுதினேன். தமிழில். அந்த மயானத்தில் வேறு யாருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. அது அப்போது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. ஏனென்று இன்றைக்கும் தெரியாது.

ஒரு காலுறை குறைகிறது.


4.3.93, வியாழன்

பனிமூட்டம். எதிர்வீட்டுக் கதவு தெரியவில்லை.

இங்கே பன்னிரண்டு மணிக்கு அங்கே இரண்டு. மேசையில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு மயானக் கந்தோருக்குப் போன். நான்காவது முயற்சியில் கிடைத்தது. ஒரு பெண், பெயர் கிரேஸாம். கதைத்தது ஆங்கிலத்தில். இங்கே எழுதும்போது அவளுக்கும் எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிடுகிறது. இருக்கட்டும்.

“லண்டனே? அங்க குளிரோ சேர்?”

“குளிர்தான். ரசீது இலக்கத்தை எழுதும்.”

“எனக்குக் குளிர் விருப்பம். இஞ்ச மழை. கூரை என்ர மேசையிலதான் ஒழுகுது. நில்லுங்கோ, கொப்பியை எடுத்துக்கொண்டு வாறன்.”

போனை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மழை கேட்டது. தகரத்தில் விழுகிற அதே மழை. கந்தோரிலிருந்து தாரணியின் இடம் இருநூறு யார் தூரம். அங்கேயும் இப்போது இதுதான் விழுந்துகொண்டிருக்கும். யன்னலில் வெறும் வெள்ளை, காதில் மழை. போன் காசு ஓடுகிறது என்று தெரியும். கிரேஸ் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லைப் போல இருந்தது.

“இருக்கு சேர். ரெண்டாயிரத்து நாலு வரைக்கும் கட்டியாச்சு எண்டு வடிவா எழுதியிருக்கு. அதுக்கு மேல ‘தீர்ந்தது’ எண்டு சிவப்புச் சீல்.”

“அப்ப சீல்தான் பிழை.”

“உங்கட அறுநூறு குவாச்சாவுக்கு இண்டைக்கு ரெண்டு பாண் வாங்கலாம் சேர். பெரிய பாண் எண்டா ரெண்டும் வராது.”

“நான் பாண் வாங்கக் காசு கட்டேல்லை.”

சிரித்தாள். கெட்ட சிரிப்பல்ல. “எனக்கும் குவாச்சாவிலதான் சம்பளம். வாங்கின அண்டைக்கே மாவும் எண்ணெயும் வாங்கிப்போட்டிடுவன். மாதக் கடைசியில அது காசில்லை, கடதாசி. டொலர் வச்சிருக்கிறவைக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் அதே நாள்.”

இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததை அப்போது சொன்னேன். “நான் வெளிநாட்டுக்காரன். ஒத்துக்கொள்ளுறன். ஆனால் கல்லறை எனக்கில்லை. அவள் உங்கட ஊர் ஆஸ்பத்திரியில பிறந்தவள். அந்த ஊரை விட்டு ஒரு நாளும் வெளியில போகேல்லை. உம்மைவிட அவள்தான் ஊர்க்காரி.”

“அது சரி சேர், நான் ஊரை விட்டு லுசாக்கா வரைக்கும் போயிருக்கிறன்.” பிறகு கடதாசி புரட்டுகிற சத்தம். “ஃபோமில ரெண்டு கட்டம் இருக்கு. ஒண்டு காசு கட்டுறவர். மற்றது உள்ளே இருக்கிறவர். கட்டுறவர் வெளிநாடு எண்டா ரெண்டிலயும் வெளிநாடு எண்டுதான் அடிக்கிறனாங்கள். இப்பிடி ஒருத்தரும் கேட்டதில்லை.”

“இப்ப நான் கேக்கிறன்.”

“பெரியவரிட்டைச் சொல்லிப் பாக்கிறன். ஆனால் காசு டொலர்தான் சேர், அதை மாத்த ஏலாது. எந்தக் கல்? வளைஞ்சு வளைஞ்சு எழுத்து இருக்கிறதே? எங்கட ஆக்கள் அதைப் பாம்புக்குட்டிக் கல் எண்டு சொல்லுறவை. என்ன எழுதியிருக்கு?”

“தாரணி. எங்கட பிள்ளை.”

“எழுத்துக்குள்ள பாசி பிடிச்சிருக்கு சேர், அதால பச்சையாத் தெரியும்.”

லைன் அறுந்துவிட்டது.

பதினேழு நிமிடம். பில் வரட்டும்.


6.3.93, சனி

மழை விட்டு விட்டு.

பரமுவின் தம்பி தம்பிராசா வால்தம்ஸ்டோவிலிருந்து. ஐஸ் மீன் ஒரு பை, அறிவுரை ஒரு பை.

“அத்தான், எங்கட ஆக்கள் ஆராவது சின்னப்பிள்ளையைத் தாட்ட இடத்துக்கு வாடகை கட்டுறவையோ? தாட்டா மண்ணோட மண். உங்களுக்கு மட்டும் ஏன் வெள்ளைக்காரன்ர பழக்கம்?”

“ஊரில தாட்டா ஊர் சனம் காவல். அங்க ஆர்?”

“சரி, அப்ப கட்டுங்கோ.”

“கட்டினதுக்கு இன்னொருக்காக் கட்டுறதோ?”

“கட்டவும் மாட்டியள், விடவும் மாட்டியள். நான் தாறன் இருநூறு. கடையில ஒரு நாள் வியாபாரம்.”

“உன்ர காசு எனக்கு வேண்டாம்.”

“அப்ப என்ன, அந்தப் பிள்ளையை எழுப்பி உங்கட வழக்குக்குச் சாட்சி சொல்ல விடப்போறியளோ?”

பரமு மீன் சட்டியை மேசையில் வைத்தாள். வைத்த சத்தம் எதிர்வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவன் சாப்பிடாமலே போய்விட்டான். குடையை விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.


7.3.93, ஞாயிறு

வெயில். உண்மையான வெயில். நிலத்தில் யன்னல் சட்டங்களின் நிழல்.

பின்னேரம் பரமு கட்டிலில் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். மற்றத் தலைப்பை நான் பிடிக்க வேண்டும். பச்சைச் சேலை எங்கள் நடுவில் தொங்கியது.

“அந்த அறுநூறு எந்தக் காசு எண்டு ஞாபகம் இருக்கே?”

“நான் உழைச்ச காசு.”

“பாதிச் சம்பளம் பவுண்ஸில வந்தது. அது முழுக்க ஊரில காணி வாங்கப் போனது. மற்றப் பாதி குவாச்சா. வெளிக்கிடேக்க மிச்சம் பாங்கில கிடந்தது. நாட்டை விட்டுக் கொண்டுபோக விடமாட்டம் எண்டிட்டாங்கள். ரெண்டு நாள் எனக்குச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனீங்கள், வீணாப் போகுது, வீணாப் போகுது எண்டு. மூண்டாம் நாள்தான் மயானக் கந்தோருக்குப் போனனீங்கள்.”

சேலையை என் பக்கம் கொண்டுவந்து தலைப்போடு தலைப்புச் சேர்த்தாள். கை கைமேல் பட்டது.

“கொண்டுபோக ஏலாத காசைத்தான் பிள்ளைக்குக் குடுத்தனீங்கள். எனக்குத் தெரியும். அண்டைக்கே தெரியும். ஒண்டும் சொல்லேல்லை.”

அடுத்த சேலையை எடுத்தாள். நீலம்.

அது பொய் என்று எழுதத்தான் இந்தக் கொப்பியைத் திறந்தேன். அரை மணி நேரம். நிழல் சுவருக்கு ஏறிவிட்டது.

அன்றைக்கு மயானக் கந்தோரில் இருந்த கிளாக்கர் வயதானவர், தொப்பி போட்டவர். “சேர், இருபது வருசம் நீண்ட காலம். எங்கள் காசு அவ்வளவு தூரம் நடக்காது. வருசா வருசம் அனுப்புங்கள். அல்லது கொஞ்சம் பவுண்ஸ் விட்டுவிட்டுப் போங்கள்,” என்றார். கடன் வைக்கிற ஆள் நான் இல்லை என்று சொன்னேன். நிமிர்ந்து நின்று சொன்னேன். காணிக்கென்று வைத்திருந்த பவுண்ஸ் அப்போது என் உள்சட்டைப் பையில் இருந்தது. நெஞ்சில் முட்டிக்கொண்டு.

ஊரில் வாங்கிய அந்தக் காணி இப்போது ஆமியின் முட்கம்பிக்குள். யாருக்கும் போக அனுமதி இல்லை.


8.3.93, திங்கள்

மறுபடி மூட்டம். ஸ்ட்ரெதம் கொமன் புல்வெளியில் ஒரு நடை.

புல்லின் மேல் வெள்ளை, முழங்கால் வரை. மரங்களுக்கு அடி இல்லை. ஒரு கிழவி தூரத்தில் குனிந்து எதையோ பிடுங்குவதுபோல் இருந்தது. புல்லைப் பிடுங்குகிறாள், என் பிள்ளையின் இடத்தில், என்று மிகச் சாதாரணமாக நினைத்துக்கொண்டு அவளை நோக்கி நடந்தேன். நன்றி சொல்லவேண்டும் என்று ஆங்கில வசனம்கூடத் தயாராக இருந்தது. கிட்டப் போனால் நாய்க்குப் பட்டி கட்டுகிற ஒரு பெண். “மோர்னிங்,” என்றாள். அவளுக்கே நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இடது சப்பாத்து முழுக்கத் தண்ணீர்.

நியாயம் என் பக்கம்தான். இருபது வருசம் என்று கையொப்பம் வைத்தவர்கள் இருபது வருசம் காக்க வேண்டும். இதை யாருக்காகவும் மாற்றி எழுதமாட்டேன். பரமு சொன்னதும் உண்மை. அதையும் மாற்றி எழுத வழியில்லை.

பரமுவின் கணக்கில் தாரணிக்கு இப்போது பதினாறு வயது. சந்தையில் அந்த வயதுக்கு உயரம் பார்த்துச் சட்டைத் துணி தொட்டுப் பார்ப்பதை இரண்டு தடவை கண்டிருக்கிறேன்.


9.3.93, செவ்வாய்

தூறல், போன செவ்வாய் போலவே.

செய்ய வேண்டியவை:

வசந்தி – வியாழன் சாப்பாட்டு நேரம், அவளுடைய பாங்கில் இருநூறு டொலருக்கு டிராஃப்ட். என் பவுண்ஸில். தம்பிராசாவின் காசு ஒரு பென்னியும் சேரக்கூடாது. அவளுடையதும் வேண்டாம்.

நான் – கடிதம். முதல் வரி: இது அநியாயம். இரண்டாம் வரி: டிராஃப்ட் இணைக்கப்பட்டுள்ளது. அதற்குக் கீழே ஒன்றும் கெஞ்சி எழுதுவதில்லை.

நான் – தாரணியின் பிறப்புச் சான்றிதழ், லைப்ரரியில் போட்டோகொப்பி இரண்டு. ரசீதுக்கும் கொப்பிதான். மூலம் என்னிடம்.

நான் – வருசம் முப்பது பவுண்ஸ் தனியாக எடுத்து வைப்பது, 98இல் மறுபடி கேட்பார்கள்.

பரமு – கிரேஸுக்கு ஒரு சின்னக் குடை வாங்கிப் பார்சல். (அவளே கேட்டாள். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.)

தம்பிராசா – சனிக்கிழமை வந்து தன் குடையை எடுத்து, மீனைச் சாப்பிடுவது. கதை வேண்டாம்.

சப்பாத்துக்காரன் – இடது.

கிரேஸ் – எழுத்துக்குள் இருக்கும் பாசியை எடுப்பது. ஈர்க்கால். ஆணியால் அல்ல.

கந்தோர்ப் பெரியவர் – காசு கட்டுபவர் என்ற கட்டத்தில் வெளிநாடு என்று அடிக்கட்டும். உள்ளே இருப்பவர் என்ற கட்டத்தில், உள்ளூர்.