எந்த டிகிரி எண்டாலும் சரி

அப்பா,

சோறும் கணவாய்க் கறியும் அடுப்பில் இருக்கின்றன. டிராம் ஓட்டப் போகமுன் சாப்பிடுங்கள். பதினொரு மணிக்கு றோஸ்மலர் மாமி தையல் மெசினை எடுக்க வருவா.

நான் விண்ணப்பித்த நான்கு மருத்துவக் கல்லூரிகளும் மறுத்துவிட்டன. ஐந்தாவது விண்ணப்பத்தில் கிடைத்த ஸ்பானிய இலக்கியத்தைப் படித்துவிட்டு மறுபடியும் மருத்துவத்துக்கு முயல்வேன் என்று ஞாயிறு பூசை முடிந்து வரும்போது சொன்னேன். "கதைப்புத்தகம் படிச்சிட்டு ஆருக்கு ஊசி போடப் போறாய்?" என்று சத்தம் போட்டீர்கள். நானும் கார்க் கதவை அடித்துச் சாத்தினேன்.

இன்று காலை என் நாவலுக்குள் உங்கள் ஷிப்ட் தாள் இருந்தது. அதன் பின்பக்கத்தில் உங்கள் எழுத்து: "மெடிக்கல் கொலிஜுக்கு போன் எடுத்துக் கேட்டனான். எந்த டிகிரி எண்டாலும் சரியாம். மார்க்ஸ்தான் நல்லா வேணுமாம். படி பிள்ளை."

இடைவேளையில்தான் போன் எடுத்திருப்பீர்கள்; உங்கள் இடைவேளையே இருபது நிமிடம்தான். சாப்பிட்டீர்களா அன்றைக்கு?

நன்றி அப்பா. கதவுக்கு மன்னியுங்கள். இன்று பள்ளிக்கூடத்தில் ரீச்சரோடு இருந்து அந்த ஸ்பானியப் படிப்புக்கான இடத்தை ஏற்றுக்கொள்ளப் போகிறேன்.

பெனிற்றா

பி.கு. மாமி என்ன படிப்பு என்று கேட்டால் இரண்டையும் சொல்லுங்கள்.

இன்னொன்று: தாளை நான் வாசித்த பக்கத்திலிருந்து நாற்பது பக்கம் தள்ளி வைத்திருக்கிறீர்கள். நான் எடுக்கவில்லை. அங்கே போய்ச் சேரும்போது இன்னொரு முறை வாசிப்பேன்.