மீனாச்சியை மழையில் கூட்டிப் போனவளுக்கு

உன் கம்பளி அடுப்புக்கு மேலே கொடியில் காய்கிறது. காய்கிறது என்று சொல்வதே பொய். ஆனி மாத மழையில் பொகவந்தலாவையில் எந்தக் கம்பளி காய்ந்திருக்கிறது? ஆவி விட்டுக்கொண்டு தொங்குகிறது, அவ்வளவுதான். ஈரக் கம்பளி வாசமும் விறகுப் புகையும் உன் வெற்றிலை வாசமும் சேர்ந்து, நீயே இந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வந்து உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. நீ போய் ஒரு வருஷமாகப் போகிறது, வெற்றிலை வாசம் இன்னும் எப்படி மிச்சமிருக்கிறது என்று கேட்காதே. அவ்வளவு மென்றிருக்கிறாய்.

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த எழுத்து இது. "எழுத்துக்காரி வந்துட்டா" என்று என்னைக் கேலி செய்வாயே, இன்றைக்கு உனக்கே எழுதுகிறேன், வாங்கிக்கொள்.

நீ முதன்முதலில் என் வாசலுக்கு வந்தது உதவி செய்யவா? சண்டை போட! லயத்து வரிசையில் உன் காம்பராவும் என் காம்பராவும் முதுகோடு முதுகு, நடுவில் ஒரே சுவர். அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நடுச்சுவரில் தலையை முட்டி முட்டி என் மகள் மீனாச்சி அலறிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயதிருக்கும். பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள், முகம் பார்க்கமாட்டாள், தலையில் சீப்பு பட்டால் சாமி வந்ததுபோல் ஆடுவாள். சத்தம் ஆகவே ஆகாது. லயமே அவளைப் பித்துப்பிள்ளை என்றது.

"அடியேய், லீவு நாள்ல கூட கண்ண மூட விடமாட்டியா? புள்ளைய என்னதான்டி பண்ணுற?" என்று இடுப்பில் கைவைத்து நின்றாய்.

"நான் என்னத்தப் பண்ண? நீயே வந்து வச்சுப் பாரு!" என்று நானும் கத்தினேன். கத்திவிட்டு அழுதுவிட்டேன். நம் சிநேகிதத்தின் லட்சணம் அதுதான்.

அழுததற்குக் காரணம் இருந்தது. கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் அந்த வாரம்தான் ரகளை நடந்திருந்தது. ஓடிப்போய்விடுகிறாள் என்று ஆயாம்மா அவளைப் பழைய சேலையால் ஜன்னல் கம்பியில் கட்டிப்போட்டிருக்கிறாள். அவிழ்க்க வந்த கையை இவள் கடித்துவிட்டாள். விஷயம் தோட்டத்தை நடத்தும் துரை காதுக்குப் போய்விட்டது. "டாக்டரையா வந்து பாத்து எழுதிக் குடுத்தா, கொழும்புப் பக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க" என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டுப் போயிருந்தார். பேசத் தெரியாத பிள்ளை அங்கே போனால் திரும்பி வருமா? பசிக்கிறது என்றுகூடச் சொல்லமாட்டாளே!

இதையெல்லாம் சொன்னபோது நீ அண்ணாந்து கூரையைப் பார்த்தாய். காதைப் பொத்திக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தாய். உன் கம்பளியை அவிழ்த்து அவள் தலையோடு போர்த்தி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டாய். "காய்ச்சல் வந்துரும்டி பாவி!" என்று நான் பின்னாலேயே ஓடிவந்தேன்.

லயத்துக்கு முன்னால் ஓடும் சாக்கடைக் கானைக்கூடத் தாண்டவில்லை, அலறல் நின்றுவிட்டது. கம்பளிக்குள்ளிருந்து ஒரு முனகல் மட்டும் வந்தது, பாட்டுப்போல.

"பாத்தியா? உள்ளதான்டி இடி இடிக்குது. வெளிய வெறும் தண்ணி" என்றாய்.

மழை பெய்தால் பிள்ளையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவது தோட்டத்தில் எந்தத் தாயும் செய்வதுதான். நாம் மட்டும் விடிந்ததிலிருந்து அந்த மழையிலேயே நின்று கொழுந்து பறிப்போம், பிள்ளைகளைத் தகரத்துக்கடியில் பத்திரமாக வைத்துவிட்டு! அந்தத் தகரம்தான் என் மகளை அடித்துக்கொண்டிருந்தது என்று லயத்தில் ஒருத்திக்கும் தோன்றவில்லை, உனக்குத் தோன்றியது.

மறுநாளிலிருந்து, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு மேளம் அடிக்குமுன்பே அவளை எழுப்பி மேட்டு மலைக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தாய். தப்புச் சத்தம் கேட்கும்போது அவள் உச்சியில் இருப்பாள், அவ்வளவு தூரத்தில் அது அவளை ஒன்றும் செய்யாது. வெறுங்கையோடு நடந்தால் துள்ளி ஓடுகிறாள் என்று ஓட்டைக் கூடை ஒன்றை வெட்டிச் சின்னதாக்கி, கயிறு கட்டித் தலையில் மாட்டிவிட்டாய். அதற்குள் ஈரப்புல். "பாரம் இருந்தா நிதானமா ஏறுது, பாரு" என்றாய். நிஜம்தான். கயிறு தலையில் அழுந்த அழுந்த அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

கங்காணி ஒருநாள் மறித்தாரே, ஞாபகமிருக்கிறதா? "சின்னப் புள்ளைய வச்சுக் கொழுந்து பறிக்கிறியா? தொரைகிட்ட சொல்லவா?" என்றார். நீ கூடையை அப்படியே அவர் காலடியில் கவிழ்த்தாய். "இந்தாங்க கங்காணி, நிறுத்துப் போட்டுக்குங்க!" விழுந்தது புல்லும் மண்ணும் ஒரு தவளையும். கங்காணி அதன்பிறகு அந்தப் பாதைக்கே வருவதில்லை. நல்ல வாய்டி உனக்கு!

மண் சரிந்து ரோட்டு அடைபட்டதில் டாக்டரையா வருவது மாதக்கணக்கில் தள்ளிப்போனது. அந்த மண்சரிவுக்கு இன்றைக்கும் கும்பிடு போடுகிறேன். அதற்குள் மீனாச்சி பொழுது சாய்ந்ததும் தூங்கப் பழகிவிட்டாள். சோற்றைத் தள்ளிவிடாமல் தின்றாள். மேடு ஏறி இறங்கி வந்த கையோடு உட்கார வைத்தால் தலை வாரக்கூட விட்டாள். சுவரில் முட்டுவது குறைந்து குறைந்து நின்றது. பேச்சு மட்டும் வரவில்லை. "வராட்டிப் போகுது, நான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசுறேன்" என்றாய்.

டாக்டரையா வந்த அன்று நான் அவளைக் குளிப்பாட்டிப் பாவாடை கட்டி அழைத்துப்போக நினைத்தேன். நீ விடவில்லை. மலையிலிருந்து நேராக, சேற்றுக் காலும் தலையில் கூடையுமாகக் கொண்டுவந்து நிறுத்தினாய். மருந்துக் காம்பரா முழுக்கப் பிள்ளைகளின் அழுகை. மீனாச்சி கூடையை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தாள்.

டாக்டரையா யாழ்ப்பாணத்து மனிதர். "இந்தப் பிள்ளையோ கடிச்சது?" என்றார்.

"கட்டிப்போட்டா நானும் கடிப்பேன் ஐயா" என்றாய்.

எனக்கு உயிரே போய்விட்டது. அவரோ சிரித்துவிட்டார். கூடை எதற்கு, காலில் சேறு எதற்கு என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "நடக்கிறதும் ஏறுறதும் இவவுக்கு நல்லாத்தான் பிடிச்சிருக்கு. ஆனால் மழைக்காலத்தில என்ன செய்வியள்?"

"மழையின்னா நாங்க மலைக்குப் போகாமயா இருக்கோம் ஐயா?"

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரி, கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார். வெளியே வந்து நான் உன் காலைத் தொடப் போனேன். "சேறுடி, கை அழுக்காகும்" என்று காலை இழுத்துக்கொண்டாய்.

நீ மந்திரம் ஒன்றும் செய்யவில்லை. தினமும் போனாய், அதுதான் உன் மந்திரம். உன் வீட்டுக்காரர் முணுமுணுத்த நாளிலும் போனாய். பீலிக் குழாய்த் தண்ணிக்காக நாம் அடித்துக்கொண்டு மாதக்கணக்காக முகம் பாராமல் இருந்தோமே, அப்போதும் விடியலில் வாசலில் வந்து நிற்பாய். என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக் கூப்பிடுவாய்: "மீனாச்சி, வாடி. வெளிய வெறும் தண்ணி." அந்தக் கோபத்திலும் உன்மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியுமா?

இப்போது அவள் குமரி. மேட்டிலிருந்து அவள் கொண்டுவரும் விறகுச் சுமையை ஆம்பளைகளே தூக்கிப் பார்த்து முடியாமல் கீழே வைக்கிறார்கள். லயத்தில் "விறகு மீனாச்சி" என்கிறார்கள். பித்துப்பிள்ளை என்ற பேச்சே இல்லை. நீ மார்ச்சளியில் படுத்துப் போனபிறகு நான்தான் அவளோடு ஏறினேன். இந்த வருஷம் என் முழங்கால் முரண்டு பிடிக்கிறது, அவள் தனியாகவே போகிறாள்.

இன்று காலை மழை வெளுத்து வாங்கியது. அந்தத் தகரச் சத்தத்தில் உன் நினைப்பு வந்து, மூலையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். யாராவது அழுதால் மீனாச்சி காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவாள், உனக்குத் தெரியும். இன்று ஓடவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். கொடியிலிருந்த உன் கம்பளியை எடுத்து என் தலையோடு போர்த்தினாள். கையைப் பிடித்து இழுத்தாள். முழங்கால் வலி என்றேன், கேட்டால்தானே! கானைத் தாண்டினோம். அங்கே நின்று, என்னைப் பார்க்காமல், உன் குரலிலேயே, உன் இழுப்பிலேயே சொன்னாள்:

"வெளிய வெறும் தண்ணி."

பதினேழு பதினெட்டு வயதுவரை ஒரு வார்த்தை பேசாதவள். நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். அவள் விடவில்லை, மெல்ல மெல்ல மேட்டில் ஏற்றிக்கொண்டு போனாள்.

கம்பளியை அதனால்தான் அடுப்புக்குக் கிட்டப் போட்டிருக்கிறேன். நாளைக்கும் வேண்டுமே.